கிட்டார் ஆம்ப் பழுது பார்க்க சிக்னல் ஜெனரேட்டர்: எதை, எந்த வரிசையில் பார்த்து வாங்குவது

என் மேசையில் வேலை பழக வந்த தம்பி ஒருவர் ஒரு 15 வாட் பிராக்டிஸ் ஆம்பில் இரண்டு முறை ஐசி மாற்றிவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். "அண்ணா, சைன் போடுறேன், மேலயும் கீழயும் மொட்டையா வருது. புது ஐசியும் போச்சு போல."

ஆம்பைச் சோதிக்க சைன் (உருண்டையான) அலையைத் தரும் ஜெனரேட்டரைப் பார்த்தேன். 1 வோல்ட்டில் நின்றது. அந்த ஆம்பின் முன்பகுதி சிக்னலை ஏறக்குறைய நூறு மடங்கு பெருக்கும். 1 வோல்ட்டை நூறால் பெருக்கினால் 100 வோல்ட். பிளஸ் 15, மைனஸ் 15 சப்ளையில் ஓடும் ஐசி அதற்கு எங்கே போகும்? 13 வோல்ட் வரை ஏறி, அங்கேயே தலை வெட்டுப்பட்டு நிற்கும். ஐசி இரண்டும் நன்றாகத்தான் இருந்தன. 20 மில்லிவோல்ட்டுக்குக் குறைத்ததும் ஸ்கோப் (அலையைக் காட்டும் ஆசிலோஸ்கோப்) திரையில் அலை உருண்டையாக வந்தது.

கிட்டார் ஆம்புக்கு ஜெனரேட்டர் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் சறுக்குகிறார்கள். எவ்வளவு பெரிய சிக்னல் வரும், எத்தனை மெகாஹெர்ட்ஸ் போகும் என்று பார்ப்பார்கள். எவ்வளவு சின்ன சிக்னலைச் சுத்தமாகவும் பயமில்லாமலும் தரும் என்று கேட்க மாட்டார்கள். கீழே உள்ள வரிசை அந்தக் கேள்வியை வைத்துப் போட்டது.

ஒரு விஷயம். வேலூரில் கடை ஏறி "ஜெனரேட்டர்" என்று மட்டும் கேட்டால், கல்யாண மண்டபத்துக்கு டீசல் வண்டி வாடகைக்கு விடுபவரின் நம்பரைத் தருவார்கள். "ஆடியோ ஆசிலேட்டர்" அல்லது "ஃபங்ஷன் ஜெனரேட்டர்" என்று கேளுங்கள்.

1. ஜெனரேட்டருக்கு முன்னால் மேசையில் இருக்க வேண்டியவை

முதலில் டம்மி லோடு. ஸ்பீக்கருக்குப் பதிலாக வைக்கும் 8 ஓம், 100 வாட் ஒயர்வவுண்ட் ரெசிஸ்டர். அலுமினிய உறை போட்டது கிடைத்தால் பெரிய ஹீட்சிங்க்கில் முடுக்குங்கள். இது இல்லாமல் ஜெனரேட்டர் வாங்குவது வீண். ஸ்பீக்கரில் 1000 ஹெர்ட்ஸை முழு வால்யூமில் ஐந்து நிமிடம் ஓட்டினால் வாய்ஸ் காயில் கருகும். அதற்கு முன்னே பக்கத்து வீட்டம்மா வாசலுக்கு வந்துவிடுவார். வால்வ் (கண்ணாடிக் குழாய்) ஆம்பாக இருந்தால் விஷயம் இன்னும் மோசம். லோடு இல்லாமல் சிக்னல் கொடுத்தால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரியில் வோல்டேஜ் எகிறி, இன்சுலேஷன் உடைந்துவிடும். ஆம்பில் விலை அதிகமான பொருள்களில் அதுவும் ஒன்று.

அடுத்தது சீரியஸ் பல்பு. மெயின்ஸுக்கும் ஆம்புக்கும் நடுவில் 60 அல்லது 100 வாட் குண்டு பல்பு. உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும், ஆம்ப் தப்பிக்கும். எல்இடி பல்பு இதற்கு உதவாது. டங்ஸ்டன் இழை சூடேறினால் அதன் ரெசிஸ்டன்ஸ் கூடும்; அந்தக் குணத்தை நம்பித்தான் இந்த ஏற்பாடே.

மூன்றாவது, ஏசி மில்லிவோல்ட் படிக்கும் மீட்டர். சின்ன மஞ்சள் மீட்டரில் ஏசி ரேஞ்சே 200 வோல்ட்டில்தான் தொடங்கும். அதை வைத்து 50 மில்லிவோல்ட்டைப் பார்க்க முடியாது. ஸ்கோப் இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் பாதி வேலை மீட்டரிலேயே முடியும்.

கடைசியாக, உங்கள் பிளக் பாயிண்டில் எர்த் உண்மையிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். லைனுக்கும் எர்த்துக்கும் 230 வோல்ட் பக்கம் வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். பழைய வீடுகளில் மூன்றாவது ஓட்டை இருக்கும், பின்னால் ஒயர் இருக்காது. ஐந்தாம் படியில் சொல்வதெல்லாம் இந்த எர்த் இருந்தால்தான் பொருந்தும்.

2. எந்த ஆம்ப் வருகிறது என்று எழுதிப் பாருங்கள்

ஒரு மாதம் வந்த ஆம்ப்களை நோட்டில் எழுதுங்கள். என்னிடம் வருவதில் பெரும்பகுதி 10 முதல் 30 வாட் சின்ன சாலிட் ஸ்டேட் (டிரான்சிஸ்டர், ஐசி) ஆம்ப்கள்: கல்லூரிப் பிள்ளைகளுடையவை, சர்ச் இசைக்குழுவுடையவை. குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா முடிந்த வாரம் ஆர்கெஸ்ட்ராக்காரர்களின் பேஸ் ஆம்பும் கீபோர்டு ஆம்பும் வண்டியில் வரும். வால்வ் ஆம்ப் எப்போதாவது ஒன்று.

இதை எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வால்வ் ஆம்பே வராத மேசைக்கு உயர் வோல்டேஜ் பாதுகாப்பு பிறகு செய்துகொள்ளலாம். பேஸ் ஆம்ப் நிறைய வந்தால் கீழ் ஸ்தாயியில் ஜெனரேட்டரின் அளவு மாறாமல் இருக்கிறதா என்று கூடுதலாகப் பார்க்க வேண்டும்.

3. மெகாஹெர்ட்ஸுக்குப் பணம் கொடுக்க வேண்டாம்

கிட்டாரின் தடித்த கம்பி, திறந்த நிலையில், 82 ஹெர்ட்ஸ். மெல்லிய கம்பி 330. அதே கம்பியில் 24ஆவது ஃப்ரெட்டில் 1319. அதற்கு மேல் இருப்பவை ஹார்மானிக்ஸ். கிட்டார் ஸ்பீக்கரோ 5000 ஹெர்ட்ஸைத் தாண்டினால் வேகமாக இறங்கிவிடும். நான்கு கம்பி பேஸில் தாழ்ந்த சுரம் 41, ஐந்து கம்பியில் 31.

ஆக 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் தரும் எதுவும் போதும். 100 கிலோஹெர்ட்ஸ் வரை போனால், திருத்திய ஆம்ப் மேலே எங்காவது தானே ஆடுகிறதா என்று சோதிக்க உதவும். 60 மெகாஹெர்ட்ஸ் மாடலுக்குக் கொடுக்கும் கூடுதல் காசை நல்ல மீட்டரில் போடுங்கள்.

எல்லா வழிகாட்டியும் 1000 ஹெர்ட்ஸ் என்று சொல்லும். நான் 400 ஹெர்ட்ஸில் வைக்கிறேன். சாதாரண மல்டிமீட்டர்களின் ஏசி அளவு 400 ஹெர்ட்ஸ் வரைதான் நம்பகம்; அதற்கு மேல் போகப் போகக் குறைத்துக் காட்டும். ஆம்ப் குறைவாகத் தருகிறதா, மீட்டர் குறைவாகப் படிக்கிறதா என்று தெரியாமல் நானே ஒரு மத்தியானம் முழுக்க அலைந்திருக்கிறேன்.

4. எவ்வளவு சின்னதாக இறங்கும்?

கிட்டாரின் சிங்கிள் காயில் பிக்கப் (கம்பியின் அதிர்வைச் சிக்னலாக்குவது) மெதுவாக வாசித்தால் சில பத்து மில்லிவோல்ட் தரும். இரட்டைக் காயில் ஹம்பக்கரில் ஓங்கி அடித்தால் உச்சியில் ஒரு வோல்ட்டைத் தொடும். கிளீன் சேனலைச் சோதிக்க 50 முதல் 100 மில்லிவோல்ட் போதும். டிஸ்டார்ஷன் சேனலுக்கு 5 அல்லது 10. எஃபெக்ட்ஸ் லூப்பின் (பிரீஆம்புக்கும் பவர் ஆம்புக்கும் நடுவில் சிக்னல் வெளியே போகும் சென்ட், திரும்பும் ரிட்டர்ன் ஜாக்குகள்) ரிட்டர்னில் நேராகக் கொடுக்க 0.3 வோல்ட்டிலிருந்து 1.2 வோல்ட் வரை தேவைப்படும். அதனால் ஒரு மில்லிவோல்ட்டிலிருந்து மூன்று வோல்ட் வரை ஏறி இறங்க வேண்டும். மேல் பக்கம் எல்லா ஜெனரேட்டரும் தரும். கீழ்ப்பக்கத்தில்தான் ஒன்றுக்கொன்று வித்தியாசம்.

பழைய அனலாக் கருவிகளில் மைனஸ் 20, மைனஸ் 40 டெசிபல் என்று பொத்தான்கள் இருக்கும். முதலாவது பத்தில் ஒன்று, இரண்டாவது நூறில் ஒன்று. அழுத்தினால் சிக்னலும் அதோடு வரும் இரைச்சலும் சேர்ந்தே குறையும். நமக்கு வேண்டியது அதுதான்.

டிஜிட்டல் முறையில் அலை உண்டாக்கும் டிடிஎஸ் வகைகளில் கவனம் தேவை. 10 வோல்ட் முழு வீச்சை 4096 படிகளாகப் பிரித்தால் ஒரு படி சுமார் 2.4 மில்லிவோல்ட். உள்ளே அட்டெனுவேட்டர் (சிக்னலைக் குறைக்கும் பகுதி) இல்லாத கருவியில் 5 மில்லிவோல்ட் கேட்டால் இரண்டே படியில் ஒரு அலை வரும். அது சைன் இல்லை, மாடிப்படி. திரையில் மட்டும் அழகாக 0.005 என்று காட்டும். இதற்கு மருந்து கைவசம் இருக்கிறது: ஜெனரேட்டரை 1 வோல்ட்டில் வைத்து, வெளியே ரெசிஸ்டர் போட்டு நூறால் வகுப்பது. எட்டாம் படியில் அதைச் செய்வோம்.

அளவைப் படிப்பதில் இரண்டு குழப்பம் உண்டு. ஒன்று, பல ஜெனரேட்டர்கள் பீக் டு பீக்கில் (அலையின் அடியிலிருந்து உச்சி வரை) காட்டும், மீட்டர் ஆர்எம்எஸ்ஸில் (அதே சூட்டைத் தரும் டிசிக்குச் சமமான அளவு) காட்டும். 100 மில்லிவோல்ட் ஆர்எம்எஸ் என்பது 283 மில்லிவோல்ட் பீக் டு பீக். இரண்டையும் கலந்து எழுதினால் அடுத்த நாள் நோட்டு உதவாது. மற்றொன்று, 50 ஓம் லோடு இருப்பதாக எண்ணிக்கொண்டு எண்ணைக் காட்டும் கருவிகள். கிட்டார் ஆம்பின் இன்புட் 1 மெகாஓம். அங்கே 50 ஓம் கிடையாது. எனவே திரையில் 1 வோல்ட் என்றால் ஆம்புக்குள் 2 வோல்ட் போகும். மெனுவில் "ஹை இசட்" இருந்தால் அதில் வையுங்கள். இல்லாவிட்டால் திரையை மறந்து, ஆம்பில் செருகிய பிறகு மீட்டரில் அளந்ததை நம்புங்கள்.

5. எர்த், அதாவது பிளக்கில் எத்தனை கால்

இந்தப் படியை அவசரமாகத் தாண்டாதீர்கள். நான் அடிபட்ட இடம் இது.

ஆன்லைனில் ஒரு டிடிஎஸ் பெட்டி வாங்கினேன். இரண்டு கால் பிளக். முதல் நாளே பிஎன்சியின் (ஒயர் மாட்டும் வட்ட சாக்கெட்) உலோகத்தை ஒரு கையாலும் ஆம்பின் சேசிஸை (உலோக உடலை) மறு கையாலும் தொட்டபோது மெல்லிய சுர்ரென்ற கூச்சம். ஈரக் கை என்று நினைத்து விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் ஒரு ஆம்பில் பின்னைச் செருகிய நொடியில் டப்பென்று சத்தம். முதல் ஸ்டேஜின் ஃபெட் (ஒருவகை டிரான்சிஸ்டர்) போனது. வாடிக்கையாளர் வால்யூம் சரி செய்யக் கொடுத்த ஆம்ப் அது. ஃபெட் செலவு என் தலையில்.

காரணம் இது. எர்த் இல்லாத எஸ்எம்பிஎஸ் (ஸ்விட்ச் மோடு) சப்ளையில், இரைச்சலை அடக்க மெயின்ஸ் பக்கத்துக்கும் அவுட்புட் பக்கத்துக்கும் நடுவில் ஒரு சின்ன கெப்பாசிட்டர் இருக்கும். அதன் வழியாக மெயின்ஸில் ஏறத்தாழ பாதி வோல்டேஜ் பிஎன்சியின் உலோகத்தில் மிதக்கும். கரண்ட் மிகக் குறைவு என்பதால் ஆளைக் கொல்லாது, ஐசியைக் கொல்லும். பின்னைச் செருகும்போது கிரவுண்டு சரியாகச் சேரும் முன் நுனி இன்புட்டைத் தொட்டுவிடலாம். அந்த இடைவெளியில் மிதக்கும் வோல்டேஜ் இன்புட் வழியே இறங்கிவிடுகிறது.

சோதிப்பது எளிது. ஜெனரேட்டரை ஓட விட்டு, எதிலும் இணைக்காமல், பிஎன்சியின் வெளி உலோகத்துக்கும் பிளக் பாயிண்ட் எர்த்துக்கும் ஏசி வோல்ட் பாருங்கள். ஐம்பது, நூறு என்று காட்டினால் மிதக்கிறது. பிறகு மீட்டர் முனைகளுக்குக் குறுக்கே ஒரு 10 கே (10,000 ஓம்) ரெசிஸ்டரை வைத்து மறுபடி அளந்து பாருங்கள். இரண்டு மூன்று வோல்ட்டுக்குச் சரிந்தால் அது கெப்பாசிட்டர் கசிவு. சரியாமல் நின்றால் இன்சுலேஷனே பழுது, அந்தப் பெட்டியைத் திருப்பிக் கொடுங்கள். கசிவு மட்டும்தான் என்றால், பிஎன்சி உலோகத்திலிருந்து எர்த்துக்கு ஒரு ஒயர் போட்டால் அடங்கும். வாங்கும்போதே மூன்று கால் பிளக்கும், பிஎன்சி உலோகத்திலிருந்து எர்த் காலுக்கு ஒரு ஓமுக்குள் தொடர்பும் இருப்பதைத் தேர்ந்தெடுத்தால் இந்தத் தலைவலியே இல்லை.

எர்த் உள்ள ஜெனரேட்டரில் வேறு தொல்லை வரும். ஆம்ப், ஜெனரேட்டர், ஸ்கோப் மூன்றும் எர்த்தில் சேர்வதால் வளையம் உண்டாகி, 50 ஹெர்ட்ஸ் ஹம் நுழையும். புதியவர்கள் உடனே ஆம்பின் எர்த் காலை வெட்டுவார்கள். வெட்டாதீர்கள். உள்ளே ஒரு லைவ் ஒயர் சேசிஸில் பட்டால் கிட்டார் கம்பியைப் பிடிப்பவர் கையில்தான் 230 வோல்ட். மூன்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகி, சிக்னல் ஒயரைச் சிறியதாக்குங்கள். அப்படியும் இருந்தால் பேட்டரியில் ஓடும் ஜெனரேட்டரைப் பயன்படுத்துங்கள்.

இன்னொன்று: ஸ்பீக்கரின் கறுப்பு ஒயர் எல்லா ஆம்பிலும் கிரவுண்டு கிடையாது. பிரிட்ஜ் முறையில் ஓடும் ஐசிகளில் இரண்டு ஒயரும் உயிருள்ள அவுட்புட். வேறு சிலவற்றில் கறுப்பு ஒயருக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் அரை ஓமுக்கும் குறைவான ஃபீட்பேக் ரெசிஸ்டர் இருக்கும். எர்த்தான ஸ்கோப்பின் கிளிப்பை அங்கே மாட்டினால், முதல் வகையில் ஐசி போகும், இரண்டாவதில் அளவு தப்பாக வரும். கிளிப் எப்போதும் இன்புட் ஜாக்கின் கிரவுண்டில்.

6. அலையின் வடிவம்

சைன் எவ்வளவு சுத்தமாக வேண்டும் என்று கேட்டுக் குழம்புகிறவர்கள் அதிகம். ஹைஃபை ஆம்புக்கு அது முக்கியம். கிட்டார் ஆம்பின் வாட் கணக்கே பல நேரம் 5 அல்லது 10 சதவீத டிஸ்டார்ஷனில் சொல்லப்படுவது. ஒரு சதவீத டிஸ்டார்ஷன் உள்ள சைன் நம் வேலைக்குத் தாராளம்.

முக்கோண அலை இருந்தால் விடாதீர்கள். சைனில் மெலிதாக வெட்டுப்படுவது கண்ணுக்குத் தப்பும். முக்கோணத்தில் நேர்கோடு எங்கே வளைகிறது என்று உடனே தெரியும். நடுவில் சின்ன முறிவு இருந்தால் அவுட்புட் டிரான்சிஸ்டரின் பயஸ் (சிக்னல் இல்லாதபோது ஓடும் கரண்ட்) குறைவு.

சதுர அலையைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம். கிட்டார் ஆம்பின் டோன் கண்ட்ரோல்களே அதைக் கோணலாக்கும். பேஸ், மிடில், டிரெபிள் மூன்றும் உள்ள வழக்கமான சர்க்யூட்டில் பேஸையும் டிரெபிளையும் பூஜ்யத்தில் வைத்து மிடிலை முழுக்கத் திருப்பினால் ஓரளவு நேராகும். அதற்குப் பிறகுதான் சதுர அலையைப் பார்த்து எதையும் முடிவு செய்யலாம்.

7. நான்கு வழிகள், என் தேர்வு

கைபேசி. டோன் ஜெனரேட்டர் ஆப் போட்டால் இன்றே வேலையைத் தொடங்கலாம். அளவும் நமக்கு ஏற்றது, பேட்டரியில் ஓடுவதால் ஹம்மும் இல்லை. மூன்று எச்சரிக்கை. சார்ஜரைக் கழற்றுங்கள். ஈக்வலைசர், சரவுண்ட் எல்லாவற்றையும் அணையுங்கள். ஸ்டீரியோ பின்னை அப்படியே மோனோ ஜாக்கில் செருகாதீர்கள், வலது சேனல் கிரவுண்டில் ஷார்ட் ஆகும்; நுனியிலிருந்து மட்டும் ஒயர் எடுங்கள். சதுர அலைக்குக் கைபேசி ஆகாது. 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் அதற்கு வராது என்பதால் ஓரங்களில் நெளிவு தெரியும். அதை ஆம்பின் ஆட்டம் என்று நினைத்து கெப்பாசிட்டர் மாற்றியவர்களை எனக்குத் தெரியும். ஒரு நோட்டிஃபிகேஷன் மணி முழு வால்யூமில் அடித்தால் என்ன ஆகும் என்பதையும் யோசித்து ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். வால்வ் ஆம்பின் உள்ளே கைபேசியைக் கொண்டுபோகவே கூடாது.

எக்ஸ்ஆர் 2206 கிட். கையால் சால்டர் செய்து பழக நல்ல பொருள். 9 அல்லது 12 வோல்ட்டில் ஓடும், பேட்டரியிலும் ஓடும். சைன், முக்கோணம், சதுரம் மூன்றும் வரும். பார்க்க வேண்டியது அவுட்புட்டில் டிசி. பல கிட்களில் சப்ளையின் பாதியளவு டிசி சைனோடு சேர்ந்தே வெளியே வரும். மீட்டரை டிசியில் வைத்துப் பாருங்கள். இருந்தால் தொடரில் ஒரு கெப்பாசிட்டர் கட்டாயம்.

மேசை டிடிஎஸ். எண்ணைத் தட்டினால் அதே அலைவரிசை, அதே அளவு, நாளைக்கும் அப்படியே. ஸ்வீப் (அலைவரிசையைத் தானே ஏற்றிக்கொண்டு போகும்) வசதியும் உண்டு. நான்காம், ஐந்தாம் படிச் சோதனைகளில் தேறினால் வாங்கலாம்.

பழைய லேப் அனலாக். ஆப்லேப், சைன்டெக், சிஸ்ட்ரானிக்ஸ் போன்ற இந்தியத் தயாரிப்புகள் பாலிடெக்னிக், பொறியியல் கல்லூரி லேப்களில் நிறைய இருந்தன. ஏலத்தில் கழிந்து பழைய சாமான் கடைக்கு வரும். இரும்புப் பெட்டி, உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் சப்ளை, மூன்று கால் பிளக், டெசிபல் பொத்தான்கள். நமக்கு வேண்டியதெல்லாம் அதில் இருக்கிறது. எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர்கள் காய்ந்திருக்கும், பாட் (திருகும் கண்ட்ரோல்) கரகரக்கும். இரண்டையும் மாற்றத் தெரியாதவர் ஆம்ப் ரிப்பேருக்கே வந்திருக்க மாட்டார்.

என் மேசையில் இருப்பது அந்தப் பழைய பெட்டிதான். டிடிஎஸ்ஸை ஸ்வீப்புக்கு மட்டும் எடுப்பேன். புதிதாகத் தொடங்குகிறவர் கைபேசியில் பத்து ஆம்ப் பார்த்துவிட்டு, பிறகு வாங்கட்டும். என்ன குறைகிறது என்று கையே சொல்லும்.

வாங்கச் சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போவதானால் காட்பாடியில் ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்குங்கள், அங்கிருந்து கிட்டத்தில்தான். மீட்டரும் ஒரு 10 கே ரெசிஸ்டரும் பையில் இருக்கட்டும். கடையிலேயே எர்த் தொடர்பு, டிசி ஆஃப்செட் (அலையோடு சேர்ந்து வரும் டிசி) பூஜ்யமா, மிகக் குறைந்த அளவில் என்ன வருகிறது என்ற மூன்றையும் பாருங்கள். 40 ஹெர்ட்ஸ், 400 ஹெர்ட்ஸ் இரண்டிலும் அளவு ஒன்றாக இருக்கிறதா என்று பார்ப்பது நான்காவது. இதற்கு அலுத்துக்கொள்ளும் கடையில் வாங்க வேண்டாம்.

8. இரண்டு ஒயர் செய்துகொள்ளுங்கள்

முதல் ஒயர் முன்பக்க இன்புட்டுக்கு. ஒரு காலி பிஸ்கட் டின்னில் மூன்று நிலை சுவிட்ச். முதல் நிலை நேராக. இரண்டாவது, 9.1 கே தொடரில், 1 கே கிரவுண்டுக்கு, பத்தில் ஒன்று. மூன்றாவது, 10 கே தொடரில், 100 ஓம் கிரவுண்டுக்கு. நூற்றியொன்றில் ஒன்று, அதாவது 1 வோல்ட் கொடுத்தால் 9.9 மில்லிவோல்ட். மறுமுனையில் மைக் ஒயரில் பி-38 (கால் இஞ்ச் கிட்டார் பின்) மோனோ பின். டின் உலோகமாக இருக்க வேண்டும், கிரவுண்டில் சேர வேண்டும். பிளாஸ்டிக் டப்பாவில் செய்தால் 5 மில்லிவோல்ட் சிக்னலைவிட டியூப்லைட்டின் இரைச்சல் பெரிதாக வரும்.

இரண்டாவது ஒயர் ஆம்பின் உள்ளே தொட. வால்வ் ஆம்பில் 300, 400 வோல்ட் டிசி நிற்கும் இடங்களுக்கு அருகே கை போகும். ஒரு தவறான தொடுதலில் ஜெனரேட்டர் காலி. அதனால் ஜெனரேட்டர் பக்கத்திலிருந்து வரிசையாக: கிரவுண்டுக்கு இரண்டு 12 வோல்ட் ஜீனர் டையோடுகள் ஒன்றுக்கொன்று எதிர்முகமாகத் தொடரில், பிறகு 10 கே ரெசிஸ்டர், பிறகு 0.1 மைக்ரோஃபாரட், 630 வோல்ட் ஃபிலிம் கெப்பாசிட்டர். நுனியிலிருந்து கிரவுண்டுக்கு 1 மெகாஓம், அரை வாட். கெப்பாசிட்டர் டிசியைத் தடுக்கும். அது சார்ஜ் ஆகும் நொடியில் வரும் அடியை 10 கே 30, 40 மில்லிஆம்ப்புக்குள் நிறுத்தும், மிச்சத்தை ஜீனர் வாங்கிக்கொள்ளும். 1 மெகாஓம் இல்லாவிட்டால் கெப்பாசிட்டரில் தங்கிய சார்ஜ் அடுத்துத் தொடும் ஐசிக்குப் போகும்.

இந்த ஒயரை 10 கே இன்புட் உள்ள ஐசி ஸ்டேஜில் வைத்தால் சிக்னல் பாதியாகும், தாழ்ந்த சுரங்கள் இன்னும் குறையும். ஆம்ப் கெட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

9. முதல் ஆம்பில் செய்யும் வரிசை

ஆம்ப் அணைந்திருக்கும்போதே டம்மி லோடை மாட்டுங்கள். ஜெனரேட்டர் ஒயரின் நுனி கிளிப்பாக இருந்தால் கிரவுண்டு கிளிப் முதலில், சிக்னல் கிளிப் பிறகு, கழற்றும்போது தலைகீழாக. வால்யூம், கெய்ன் இரண்டும் பூஜ்யத்தில். ஜெனரேட்டர் 400 ஹெர்ட்ஸ், மிகக் குறைந்த அளவு, டிசி ஆஃப்செட் பூஜ்யம். சீரியஸ் பல்பு வழியாக ஆம்பை ஆன் செய்து, பல்பு மங்கிய பிறகு வால்யூமைப் பாதிக்குக் கொண்டுவந்து, ஜெனரேட்டரை மெல்ல ஏற்றுங்கள். எப்போதும் ஜெனரேட்டர் பக்கம் ஏற்றுங்கள், ஆம்பின் கண்ட்ரோல்களை ஒரே இடத்தில் விடுங்கள். அப்போதுதான் இரண்டு அளவுகளை ஒப்பிட முடியும்.

ஒரு ஆர்கெஸ்ட்ரா ஆம்ப். "சவுண்டு வந்து வந்து போவுதுண்ணா, தட்டினா வருது" என்றார் கொண்டுவந்தவர். திறக்கவில்லை. இன்புட்டில் 50 மில்லிவோல்ட் கொடுத்து, எஃபெக்ட்ஸ் லூப்பின் சென்டில் மீட்டரை வைத்தேன். அரை வோல்ட் பக்கம், ஆடாமல் நின்றது. டம்மி லோடில் ஒன்றும் இல்லை. அப்படியென்றால் பிரீஆம்ப் முழுவதும் நல்லது. ஜெனரேட்டரை ரிட்டர்னுக்கு மாற்றி 0.3 வோல்ட் கொடுத்ததும் லோடில் சிக்னல் வந்தது. பவர் ஆம்பும் நல்லது. இரண்டு பக்கமும் நன்றாக இருந்து நடுவில் போகிறது என்றால், மிச்சம் ரிட்டர்ன் ஜாக்குக்குள் இருக்கும் சுவிட்ச் தொடுமுனைதான். பின் செருகாதபோது சென்டையும் ரிட்டர்னையும் இணைப்பது அது. பாலாற்று ஓரத் திருவிழாக்களின் புழுதியும் நம்மூர் வியர்வையும் சேர்ந்து கறுத்திருந்தது. சென்டுக்கும் ரிட்டர்னுக்கும் ஒரு பேட்ச் கார்டு போட்டதும் ஆம்ப் பேசியது. ஜாக்கை மாற்றிக் கொடுத்தேன். இன்புட்டில் மட்டுமே சிக்னல் கொடுத்து ஒவ்வொரு ஸ்டேஜாகப் போயிருந்தால் போர்டையே கழற்றியிருப்பேன். நடுவில் வெட்டிப் பாருங்கள், பிறகு கெட்ட பாதியின் நடுவில்.

வால்வ் ஆம்பில் இதே வேலைக்கு ஒரு அளவுகோல்: 12ஏஎக்ஸ்7 வால்வில் ஓடும் முதல் ஸ்டேஜ் நன்றாக இருந்தால் ஐம்பது, அறுபது மடங்கு பெருக்கும். 10 மில்லிவோல்ட் கொடுத்தால் ஆனோடில் அரை வோல்ட்டுக்கு மேல் வர வேண்டும்.

பழுது நீங்கியதும் வாட் பாருங்கள். சீரியஸ் பல்பை எடுத்துவிட்டு, அலையின் உச்சி வெட்டுப்படத் தொடங்கும் இடம் வரை ஏற்றி, லோடில் ஆர்எம்எஸ் வோல்டேஜை அளந்து, அதையே அதால் பெருக்கி 8ஆல் வகுக்க வேண்டும். 11 வோல்ட் வந்தால் 15 வாட். 20 வோல்ட் வந்தால் 50 வாட். மே மாத மாலையில் இதைச் செய்தால் மெயின்ஸையும் குறித்துக்கொள்ளுங்கள். ஊரே ஏசி போடும் நேரத்தில் 230 இருக்க வேண்டிய இடத்தில் 207 இருந்தால், ரெகுலேட்டர் இல்லாத சப்ளையில் வாட் ஐந்தில் ஒரு பங்கு குறையும். ஆம்பில் குற்றம் இருக்காது.

கடைசியாக ஸ்பீக்கரை மாட்டி, குறைந்த சத்தத்தில் 80 முதல் 1200 ஹெர்ட்ஸ் வரை மெதுவாகத் திருப்பிக்கொண்டே போங்கள். பெட்டியில் ஏதாவது கிரீச்சிட்டால் அந்த ஹெர்ட்ஸில் நிறுத்தி, ஒவ்வொரு ஸ்க்ரூவாக விரலால் அழுத்துங்கள். பாதி நேரம் பெயர்ப் பலகையின் ஸ்க்ரூதான்.

சால்டரிங் அயனை எடுக்கும் முன் ஜெனரேட்டர் அவுட்புட்டை அணைத்து, ஆம்பின் பிளக்கைக் கையில் பார்க்கும்படி வெளியே இழுத்து வையுங்கள். வால்வ் ஆம்பில் ஃபில்டர் கெப்பாசிட்டரை 10 கே, 10 வாட் ரெசிஸ்டர் வழியாக இறக்கி, மீட்டரில் பார்த்த பிறகே கை. ஆம்பைத் திருப்பிக் கொடுக்கும் முன் நோட்டில் ஒரு வரி: 400 ஹெர்ட்ஸ், 50 மில்லிவோல்ட் ஆர்எம்எஸ், வால்யூம் நடுவில், சென்டில் எவ்வளவு, லோடில் எவ்வளவு, மெயின்ஸ் எவ்வளவு. அதே ஆம்ப் அடுத்த வைகாசியில் வரும்போது எங்கே குறைந்திருக்கிறது என்று திறக்காமலே தெரியும்.